பின்னல் குலங்களில் கணினித் தேடல்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் முதுகலைத் திட்டத்துக்கோ ஆய்வுப் பட்டத்துக்கோ பின்னல் குலங்களை (இழைகளைப் பின்னும் விதங்கள்; ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதே பெருக்கல்) எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கணினியைத் திறக்கிறார்கள்: புராவ் பிரதிநிதித்துவத்தின் (ஒவ்வொரு பின்னலுக்கும் ஓர் அணியைத் தரும் முறை) உட்கருவில், அதாவது அலகு அணி தரும் பின்னல்களில், சமனி (எதுவும் பின்னாத பின்னல்) அல்லாத உறுப்பு இருக்கிறதா என்று தேடும்போது. நிரல் எழுத ஒரு நாள் போதும். அது சொல்லும் விடையை நம்பலாமா என்று பார்க்கத்தான் வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தேடலில் 'கிடைத்துவிட்டது' என்று திரையில் வருவது முதலில் நிரலின் மேல் வைக்க வேண்டிய சந்தேகம். கண்டுபிடிப்பு என்ற பேச்செல்லாம் அதன் பிறகு. கீழே உள்ளவை அறிகுறி வாரியாக. உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியில் உள்ள சோதனையை எல்லோரும் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

தொடங்கும் முன் ஓட்ட வேண்டிய சோதனை

குறியீடு: பிறப்பாக்கிகள் ப₁, ப₂, ப₃ ... (ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டை ஒருமுறை குறுக்கிடச் செய்வது); மாறி த. பக்கத்துப் பிறப்பாக்கிகளுக்கு ப₁ப₂ப₁ = ப₂ப₁ப₂; தள்ளி இருப்பவை இடம் மாறலாம். எமில் ஆர்ட்டின் 1925-இல் தந்த வரையறை இது. சுருக்கிய புராவ் அணிகள் 4 இழைக்கு இப்படி (வரிசைகளை அரைப்புள்ளி பிரிக்கிறது):

ப₁ → [−த, 1, 0; 0, 1, 0; 0, 0, 1]
ப₂ → [1, 0, 0; த, −த, 1; 0, 0, 1]
ப₃ → [1, 0, 0; 0, 1, 0; 0, த, −த]

இழை கூடினால் இதே அமைப்பு நீளும்: ஒவ்வொரு பிறப்பாக்கியும் தன் வரிசையை மட்டும் 'த, −த, 1' என்று மாற்றும். நேர்மாறில் அந்த வரிசை '1, −த⁻¹, த⁻¹'.

3 இழைக்குப் புராவ் ஒன்றுக்கொன்று (உட்கருவில் சமனி மட்டும்) என்று மேக்னஸும் பெலூசோவும் 1969-இல் காட்டினார்கள். 9-உம் அதற்கு மேலும் இல்லை என்றார் மூடி (1991). லாங், பேட்டன் அதை 6-க்கு இறக்கினார்கள் (1993). பிகலோ 5-க்கு இறக்கினார் (1999). ஆகவே தேடுபவர்களின் கண் 4 இழைமேல். கெழுக்களை மட்டு 2, மட்டு 3 எடுத்தால் (2-ஆல், 3-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்தால்) 4 இழையிலும் உட்கரு இருக்கிறது என்பது கூப்பர், லாங் வேலை. மட்டு 5-க்கு கிப்சன், வில்லியம்சன், யாகோபி மூவரும் 2023-இல் கணினித் தேடலிலேயே ஓர் உறுப்பைக் காட்டினார்கள்.

சோதனைக்கு பிகலோவின் 6 இழைச் சொல் போல வசதியானது வேறில்லை:

க = ப₄ ப₅⁻¹ ப₂⁻¹ ப₁
ங = ப₄⁻¹ ப₅² ப₂ ப₁⁻²

க⁻¹ப₃க, ங⁻¹ப₃ங இரண்டின் பரிமாற்றி (முதல், இரண்டாவது, முதலின் நேர்மாறு, இரண்டாவதின் நேர்மாறு என்று பெருக்கியது) உட்கருவில் இருக்கிறது. பின்னலாக அது சமனி அல்ல. மொத்தம் 44 எழுத்து. உங்கள் நிரல் இந்தச் சொல்லுக்கு 5×5 அலகு அணியைத் தர வேண்டும். தரவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம்.

கையாலும் சரிபார்க்கலாம், அதிகம் இல்லை. ப₃-இன் அணி = அலகு அணி + (மூன்றாம் அலகு நிரல்) × (வரிசை 0, த, −1−த, 1, 0). அலகு அணியோடு தரம் 1 உள்ள ஒரு துண்டு சேர்ந்தது, அவ்வளவுதான். அதன் இரண்டு இணையிய அணிகள் (மேலே உள்ள க⁻¹ப₃க, ங⁻¹ப₃ங போன்றவை) இடம் மாற, க·ங⁻¹ என்ற அணியை மூன்றாம் அலகு நிரலில் செலுத்தி, வரும் நிரலை அந்த வரிசையோடு பெருக்கினால் பூச்சியம் வந்தால் போதும் (ங·க⁻¹-க்கும் அதேபோல்). இங்கே க·ங⁻¹ எழுத்துகள் இடம் மாறி (ப₂⁻¹ப₁³ப₂⁻¹)(ப₄ப₅⁻³ப₄) என்று பிரிகிறது. நிரலின் இரண்டாம் இடத்தில் த − 1 + 2த⁻¹ − த⁻², மூன்றாம் இடத்தில் 1, நான்காம் இடத்தில் −த² + 2த − 1 + த⁻¹ வரும். முதலாவதை த-வால் பெருக்கி, −1−த சேர்த்து, கடைசியைக் கூட்டினால் எல்லாம் அடிபட்டு பூச்சியம். நிரல் தவறினால் இந்த மூன்று மதிப்புகளையும் அச்சிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த எழுத்தின் அணியில்தான் பிழை.

இதிலிருந்து தேடலுக்கே ஒரு வழி கிடைக்கிறது. குலம் முழுவதையும் துழாவுவதற்குப் பதில், அந்த ஒற்றை எண்ணைப் பூச்சியமாக்கும் சொற்களைத் தேடலாம். 44 எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க க·ங⁻¹ என்ற 10 எழுத்துச் சொல்லைத் தேடினால் போதும்.

"பத்து நிமிடத்தில் நூறு உட்கரு உறுப்புகள் கிடைத்துவிட்டன"

கிடைக்கவில்லை. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் அடுக்குக்கூட்டு (சொல்லில் உள்ள எழுத்துகளின் அடுக்குகளைக் கூட்டியது). சுருக்கிய புராவ் அணி ஒவ்வொன்றின் அணிக்கோவையும் −த. ஆகவே உட்கருவில் உள்ள சொல்லில் நேர் எழுத்துகளும் நேர்மாறு எழுத்துகளும் சமமாக இருந்தே ஆக வேண்டும். மட்டு 5 எடுத்தாலும் இது மாறாது. அடுத்து வரிசைமாற்றம்: த = 1 என்று போட்டால் புராவ் அணி இழைகளின் வரிசைமாற்றத்தையே தருகிறது; அதனால் உட்கரு உறுப்பு ஒவ்வொரு இழையையும் அதன் இடத்திலேயே விட வேண்டும். அணி அலகு அணி, ஆனால் அடுக்குக்கூட்டு 0 இல்லை அல்லது வரிசைமாற்றம் சமனி இல்லை என்று வந்தால், அது நிரல் பிழை என்பதற்கு நிரூபணமே அதுதான். சல்லிசான சோதனை என்பதால் தேடல் சுழலுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

இரண்டும் சரி, ஆனாலும் கொட்டுகிறது என்றால் த-வுக்கு என்ன மதிப்பு கொடுத்தீர்கள் என்று பாருங்கள். வேகத்துக்காகப் பலரும் த-வுக்கு ஒரு பகா எண் மட்டில் ஒரு மதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த மதிப்பை அடுக்கிக்கொண்டே போனால் சீக்கிரம் 1-க்குத் திரும்பும் என்றால், த-வை 1-இன் மூலமாக (ஏதோ ஓர் அடுக்கில் 1 ஆகும் எண்ணாக) எடுத்ததற்குச் சமம். மோசமான உதாரணம் த = −1: 3 இழையில் டெல்டா (எல்லா இழைகளையும் சேர்த்து அரைச் சுற்று திருப்பும் பின்னல்; இங்கே ப₁ப₂ப₁) இருமடி −1 மடங்கு அலகு அணியாகும், நான்மடி அலகு அணியே ஆகிவிடும். பொதுவில் (−த = 1 தவிர) −த எத்தனையாவது அடுக்கில் 1 ஆகிறதோ அத்தனையாவது அடுக்கில் ப₁-உம் அலகு அணி ஆகும். பகா எண் 2147483647 (2³¹ − 1) எடுத்தால் த = 7 நல்ல தேர்வு; 7 அதற்கு முதன்மை மூலம், அதாவது அதன் அடுக்குகள் பூச்சியம் அல்லாத எல்லா மதிப்புகளையும் தொட்ட பிறகே 1-க்குத் திரும்பும். இரண்டாவதாக வேறொரு பெரிய மதிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மதிப்பில் நிறுத்தினால் எத்தனை பொய் வரும்? படி அகலம் 44 உள்ள பல்லுறுப்புக்கோவை, பூச்சியம் அல்லாதது, ஒரு சீரற்ற மதிப்பில் பூச்சியமாக அதிகபட்ச வாய்ப்பு 44/2147483647, அதாவது சுமார் 2×10⁻⁸. 10 கோடி சொற்களைப் பார்த்தால் இரண்டு பொய் வரலாம். மேலே சொன்ன ஒற்றை எண் சோதனைக்கு இது நேரடியாகப் பொருந்தும். இரண்டாவது மதிப்பைச் சேர்த்தால் கவலை தீர்ந்தது. தேறியவற்றை மட்டும் முழுப் பல்லுறுப்புக்கோவையாகப் பெருக்கிப் பார்க்கலாம்.

இன்னொரு காரணம்: அலகு அணியா என்று கேட்பதற்குப் பதில் 'மூலைவிட்டத்தில் ஒரே மதிப்பா' என்று கேட்டிருப்பீர்கள். டெல்டாவின் இருமடி 4 இழையில் த⁴ மடங்கு அலகு அணி, 3 இழையில் த³ மடங்கு. அதன் அடுக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இப்படித் தேடுவதும் முறையானதுதான். ஆனால் கிடைத்த சொல்லை டெல்டா இருமடியின் தக்க அடுக்கால் வகுத்த பிறகுதான் அது உட்கரு உறுப்பு.

"கிடைப்பதெல்லாம் கடைசியில் சமனியாகவே இருக்கிறது"

ஒற்றை எண் தேடலில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ப₃-ஐயும் ப₁-ஐயும் போல ஒன்றையொன்று தொடாத இரண்டு இணையியங்கள் பின்னலாகவே இடம் மாறும்; அவற்றின் பரிமாற்றி வெறும் சமனி. எண் பூச்சியம் ஆகும் சொற்களில் பெரும்பகுதி இந்த ரகம். பிழை என்று நினைத்துத் தேடலை நிறுத்த வேண்டாம், வடிகட்டியைச் சேருங்கள்.

வடிகட்டிக்கு ஆர்ட்டினின் கட்டற்ற குலச் செயலை (எழுத்தும் நேர்மாறும் அடிபடுவதைத் தவிர வேறு உறவே இல்லாத குலத்தின் சொற்களைப் பின்னல் மாற்றும் விதம்) பயன்படுத்தினால் சொற்கள் பெருகி நினைவகத்தைத் தின்றுவிடும். லாரன்ஸ்–கிராமர் பிரதிநிதித்துவம் எளிது. அது ஒன்றுக்கொன்று என்பது பிகலோ (2001), கிராமர் (2002) இருவரும் தனித்தனியே காட்டியது. 4 இழைக்கு 6×6, 5-க்கு 10×10, 6-க்கு 15×15 அணி. அதன் இரண்டு மாறிகளுக்கும் பெரிய பகா எண் மட்டில் சீரற்ற மதிப்புகளைப் போட்டுப் பெருக்குங்கள். விடை அலகு அணி அல்ல என்றால் பின்னல் சமனி அல்ல என்பது உறுதி, அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அலகு அணி என்று வந்தால்தான் கார்சைட் இயல்வடிவத்தை (ஒரு பின்னலை டெல்டாவின் அடுக்கு, அதன்பின் 'எளிய உறுப்புகள்' என்ற டெல்டாவின் துண்டுகள் என ஒரே விதமாக எழுதுவது) கணக்கிட்டு உறுதிசெய்ய வேண்டும். சேஜ்மேத் என்ற கணித மென்பொருளில் இரண்டுமே ஆயத்தமாக இருக்கின்றன. அதில் புராவ் அணியைக் கேட்டால் சொல்லாமல் விட்டால் சுருக்காத வடிவத்தைத் தரும் (4 இழைக்கு 4×4). டெல்டா இருமடி மூலைவிட்ட அணியாக வரவில்லையே என்று குழம்புபவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

4 இழைக்கு இந்தத் தொல்லையே இல்லாத வழி ஒன்று உண்டு, அது அடுத்துக் கீழே, ரேம் பகுதியில்.

கார்சைட் வடிவத்தில் ஒவ்வோர் எளிய உறுப்பாக வலப்பக்கம் சேர்த்து நீட்டுபவர்களுக்குச் சமனியோ திரும்பத் திரும்ப ஒரே பின்னலோ வந்தால், இறக்கக் கணக்கில் (ஓர் உறுப்பு எந்த எழுத்தில் தொடங்கலாம், முடியலாம் என்று பார்ப்பதில்) வரிசைமாற்றத்துக்குப் பதில் அதன் நேர்மாறைப் பார்க்கிறீர்கள். விதி: அடுத்த உறுப்பு எந்தெந்த எழுத்தில் தொடங்க முடியுமோ அவை எல்லாம் முந்தைய உறுப்பு முடியக்கூடிய எழுத்துகளாக இருக்க வேண்டும். 3 இழையில் சோதனை: ப₂ப₁-க்குப் பின் ப₁ப₂ வரலாம்; ப₂ப₁ வரக் கூடாது, ஏனென்றால் ப₂ப₁ப₂ப₁ = டெல்டா·ப₁. எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீளம் 2-க்கு சரியான நிரலும் 8 தரும், தவறான நிரலும் 8 தரும்.

"ஒன்றுமே கிடைக்கவில்லை, தெரிந்த விடைகூட"

44 எழுத்துச் சொல்லே தேறவில்லை என்றால் பெருக்கல் வரிசையின் மேல் பழி போடாதீர்கள். பின்னல் உறவுகள் இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி படிப்பவை. திருப்பி எழுதிய சொல்லும் புராவ் உட்கருவிலேயே இருக்கும். ஆகவே இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்ற குழப்பம் இந்தச் சோதனையில் வெளியே வராது. அதைப் பிடிக்க 3 இழையில் ப₁ப₂ மட்டும் பெருக்குங்கள்: [0, −த; த, −த] வர வேண்டும். [−த, 1; −த², 0] வந்தால் அது ப₂ப₁. வரிசைமாற்றங்களை கேப் மென்பொருள் இடமிருந்து வலமாகப் பெருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அணி ஒரு திசை, இயல்வடிவம் மறு திசை என்று போனால் இரண்டும் தனித்தனியே சரியாகத் தெரியும். சேரும் இடத்தில்தான் கெடும்.

44 எழுத்தில் தோற்றால் காரணம் பெரும்பாலும் நேர்மாறு அணி. எழுத்தையும் நேர்மாறையும் பெருக்கி அலகு அணி வருகிறதா என்று ஐந்து பிறப்பாக்கிகளுக்கும் பாருங்கள்.

அந்தச் சொல் தேறுகிறது, ஆனால் தேடலில் அது அகப்படவில்லை என்றால் தேடும் வெளியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ப₅² போன்ற அடுக்கை அனுமதிக்காத நிரல்கள் உண்டு. அதே எழுத்து அடுத்தடுத்து வந்தால் வெட்டிவிடு என்று எழுதியிருப்பார்கள். வெட்ட வேண்டியது எழுத்தும் நேர்மாறும் அடுத்தடுத்து வரும்போது மட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் 4 இழையில் எதுவும் வரவில்லை என்றால், அது பிழை அல்ல. அறிக்கையில் எழுத வேண்டியது 'இந்த நீளம்வரை, இந்த வகைச் சொற்களில் இல்லை' என்பது. 'ஒன்றுக்கொன்று' என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

"சின்ன நீளத்தில் சரி, நீளம் கூடினால் விடை கோணுகிறது"

எண் வழிதல். இது நான்கு வேடத்தில் வரும்.

முழுஎண் கெழுக்கள் நீளத்தோடு வேகமாக வளரும். 64 பிட் குறியுள்ள எண் 9223372036854775807-ஐத் தாண்டாது. பைத்தானின் நம்பை நூலகம் எச்சரிக்காமல் சுற்றிவிடும். சுற்றிய கணக்கு உண்மையில் மட்டு 2⁶⁴ கணக்கு. அதனால் உண்மையான உட்கரு உறுப்பை அது தவறவிடாது, பொய்யானதைச் சேர்த்துக்கொள்ளலாம். தசம எண்களில் போட்டிருந்தால் 9007199254740992-க்கு மேல் ஒற்றைப்படை எண்களே கிடையாது; அதற்குப் பிறகு எதையும் நம்ப முடியாது. மட்டுப் பகா எண்ணுக்கு மாறுங்கள்.

மாறிய பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2³¹ − 1 மட்டில் இரண்டு எண்களின் பெருக்கல் 2⁶²-க்குள் அடங்கும். குறியுள்ள 64 பிட்டில் இப்படி இரண்டைக் கூட்டலாம், மூன்றாவதில் வழியும். குறியில்லாத 64 பிட்டில் நான்கு வரை தாங்கும். அதாவது ஒவ்வொரு பெருக்கலுக்கும் மட்டு எடுக்காமல் வரிசை முழுவதையும் கூட்டிக் கடைசியில் மட்டு எடுத்தால், குறியில்லாத எண்ணில் 4 இழைக்கும் 5 இழைக்கும் சரியாக வரும்; 6 இழையில் 5×5 அணி வந்ததும் கோணும். 'போன மாதம் ஓடிய அதே நிரல்தானே' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. 2⁶¹ − 1 எடுத்தால் ஒற்றைப் பெருக்கலுக்கே 128 பிட் வேண்டும். நம்பையில் அந்த அளவு முழுஎண் இல்லை, சி++ பக்கம் போக வேண்டியதுதான்.

பைத்தானில் பல்லுறுப்புக்கோவையைப் பட்டியலாக வைத்து, படியையே இட எண்ணாக எடுப்பவர்கள் எதிர்ப்படியில் மாட்டுவார்கள். இடம் −1 என்றால் பைத்தான் பிழை சொல்லாது, பட்டியலின் கடைசி உறுப்பை எடுத்துக் கொடுக்கும். த⁻¹ சத்தமில்லாமல் மிகப் பெரிய அடுக்காக மாறிவிடும். மறுபடியும் த-வை 1-இன் மூலமாக எடுத்த கதை. 44 எழுத்துச் சொல்லில் 22 நேர், 22 நேர்மாறு. படி −22-க்கும் 22-க்கும் இடையே இருக்கும். 45 இடம் வைத்து, எல்லாவற்றையும் 22 நகர்த்தி எழுதுங்கள்.

நான்காவது, மட்டு 2 தேடலில். ஒரு பல்லுறுப்புக்கோவையை 64 பிட் எண்ணில் அடக்கி, த-வால் பெருக்குவதை இடப்பெயர்ச்சியாகச் செய்வது அழகான உத்தி. படி 63-ஐத் தாண்டியதும் மேல் பிட்டுகள் சொல்லாமல் விழும். மேல் பிட்டு 1 ஆனால் நிறுத்து என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

"ரேம் நிரம்பி கணினி உறைந்துவிடுகிறது"

4 இழையில் உட்கரு எங்கே ஒளிந்திருக்க முடியும் என்பது தெரிந்ததே. அ = ப₁ப₃⁻¹, ஆ = ப₂ப₁ப₃⁻¹ப₂⁻¹ இரண்டும் ஒரு கட்டற்ற குலத்தைப் பிறப்பிக்கின்றன. புராவ் 4 இழையில் ஒன்றுக்கொன்றா என்பது இவற்றின் 3×3 அணிகளும் கட்டற்ற குலத்தைப் பிறப்பிக்கின்றனவா என்ற கேள்விக்குச் சமம் என்று ஜோன் பர்மன் 1974-இல் காட்டினார். இங்கே தேடினால் சமனிச் சோதனை தேவையே இல்லை: அடிபடாத சொல் காலியாக இல்லை என்றால் அது சமனி அல்ல.

நடுவில் சந்திக்கும் முறை: பாதி நீளச் சொற்கள் எல்லாவற்றின் அணி அடையாளத்தையும் சேமித்து, ஒரே அணி தரும் இரண்டு சொற்களைப் பிடிப்பது. 17 எழுத்தில் 4×3¹⁶, அதாவது 17,21,86,884 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் அடையாளம், 8 பைட் சொல் (எழுத்துக்கு 2 பிட் போதும்) என்றால் சுமார் 2.75 ஜிபி. 18 எழுத்தில் 8.3 ஜிபி, 8 ஜிபி மடிக்கணினி அங்கேதான் உறைகிறது. பைத்தான் அகராதியில் போட்டால் ஒரு பதிவே நூறு பைட் அளவுக்குப் போகும், 17-க்கே திணறும்.

தீர்வு அகராதியை விட்டுவிட்டு நேரான வரிசையில் எழுதி, வரிசைப்படுத்தி, பக்கத்துப் பக்கத்தில் ஒப்பிடுவது. அதுவும் கொள்ளாவிட்டால் அடையாளத்தின் மேல் 4 பிட்டைக் கொண்டு 16 பங்காகப் பிரித்து, ஒரு சுற்றுக்கு ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 18 எழுத்துக்கு ஒரு சுற்றில் அரை ஜிபி சொச்சம். நேரம் அதிகபட்சம் 16 மடங்கு. இரவில் ஓட விடுவதற்கு இது பரவாயில்லை.

இடம் மிச்சம் பிடிக்க அடையாளத்தை 32 பிட்டாகக் குறைக்க வேண்டாம். 17 எழுத்தில் தற்செயலாகவே சுமார் 34 லட்சம் ஜோடிகள் மோதும். 64 பிட்டில் ஒரு மோதலுக்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

"நேற்று சேமித்த கோப்போடு இன்றைய ஓட்டம் பொருந்தவில்லை"

அணியை எழுத்துச் சரமாக்கி, பைத்தானின் உள்ளமைந்த ஹாஷைக் கொண்டு அடையாளம் எடுத்திருப்பீர்கள். சரங்களின் ஹாஷ் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மாறும். அது வேண்டுமென்றே செய்த பாதுகாப்பு ஏற்பாடு. எண்களின் ஹாஷ் மாறாது, ஆனால் அதில் வேறொரு வில்லங்கம்: −1, −2 இரண்டுக்கும் ஒரே ஹாஷ், −2. அணிகளில் −1-உம் −2-உம் மலிந்து கிடக்கும் இந்த வேலையில் அது பொய் மோதல்களைக் கொண்டுவந்து கொட்டும். கெழுக்களை 0 முதல் மேல்நோக்கிய எச்சங்களாக மாற்றி, பைட் வரிசையாக எழுதி, நிலையான ஹாஷ் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பகா எண் மட்டில் கணக்கிட்ட மதிப்புகளையே அடையாளமாக வைத்தால் இன்னும் நல்லது.

"வாளிகள் நிரம்புகின்றன, தேடல் ஓரிடத்திலேயே சுற்றுகிறது"

மட்டு 5-இல் வென்றது வாளி முறை. அணியில் உள்ள மிகப் பெரிய படிக்கும் மிகச் சிறிய படிக்கும் உள்ள வித்தியாசம் கார்சைட் நீளத்தோடு சேர்ந்தே வளர்கிறது. நீளம் கூடியும் வித்தியாசம் குறைவாக இருக்கும் பின்னல்களே உட்கருவுக்கு அருகில் இருப்பவை. ஒவ்வொரு நீளத்துக்கும் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு வாளி. வாளிக்கு ஓர் உச்ச அளவு. வருபவற்றில் சீரற்ற மாதிரி மட்டும் தங்கும். 4 இழையில் எளிய உறுப்புகள் 24. சமனியையும் டெல்டாவையும் விட்டால் 22.

சுற்றுவதற்கு முதல் காரணம் மாதிரி எடுப்பு. வாளி கொள்ளளவு 500 என்றால் 2000-ஆவதாக வருவது 500/2000 வாய்ப்பில் உள்ளே போக வேண்டும், 5000-ஆவது 500/5000 வாய்ப்பில். நிலையான வாய்ப்பு வைத்தால் கடைசியில் வந்தவையே நிறையும்; நிரம்பியதும் கதவை மூடினால் முதலில் வந்தவற்றின் சந்ததியே சுற்றிவரும். இரண்டாவது, ஒரே நேரத்தில் ஓடும் நான்கு திரிகளுக்கும் (த்ரெட்) ஒரே சீரற்ற விதை. நான்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும், திரை மட்டும் சுறுசுறுப்பாகத் தெரியும்.

வாளி அளவைக் கூட்டும் முன் மட்டு 2-இலும் மட்டு 3-இலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே உட்கரு இருப்பது தெரிந்த சங்கதி. அங்கேயே வராவிட்டால் 5, 7 பக்கம் போவதில் பொருளில்லை. மட்டு 5-இல் வந்த சொல்லை முழுஎண் கெழுக்களோடும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள். அலகு அணி வராது என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். வந்தால் வேறு நிரலில், வேறு கணினியில், வேறொருவர் எழுதிப் பார்க்கும்வரை வெளியே சொல்ல வேண்டாம்.

"கரண்ட் போனால் எல்லாம் போச்சு" / "மடிக்கணினியை மூடினால் தேடல் நின்றுவிடுகிறது"

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கி மாலைவரை நீளும். வீட்டு இன்வெர்ட்டரில் பின்பக்கம் யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது போடப்படவில்லை என்றால் மின்சாரம் மாறும் அந்த நொடிக்குள் மேசைக் கணினி அணைந்து எழும். ஃபேனுக்குத் தெரியாத இடைவெளி கணினிக்குத் தெரியும். ஆனால் இன்வெர்ட்டரை நம்பித் தேடலை வைக்க வேண்டாம். நிலையை அடிக்கடி வட்டில் எழுதுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதினால் பாதியில் போன கரண்ட் இரண்டையும் கெடுக்கும். புதுப் பெயரில் எழுதி, வட்டில் இறங்கியதை உறுதிசெய்த பின் பெயரை மாற்றுங்கள். சீரற்ற எண் பிறப்பியின் நிலையையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால் திரும்பத் தொடங்கும்போது பார்த்ததையே பார்ப்பீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் ரூட்டர் முகப்பில், கணினி இரண்டாம் கட்டில் என்றால் நடுவில் இருக்கும் கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை தத்தளிக்கும். தொலைவிலிருந்து இணைந்து ஓட்டும் நிரல் இணைப்பு அறுந்ததும் செத்துவிடும். டிமக்ஸுக்குள் தொடங்கினால் இணைப்பு போனாலும் ஓடும். வேகம் மத்தியானத்தில் மட்டும் பாதியாகிறது என்றால் அது நிரல் அல்ல, சூடு. செயலியின் வெப்பநிலையைப் பாருங்கள், தூசியைத் துடையுங்கள், கணினியை மாடி அறையிலிருந்து கீழே இறக்குங்கள்.

"நண்பர் அனுப்பிய சொல் என் கணினியில் உட்கருவில் இல்லை"

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதை அது தடித்த எழுத்தாக்கி நட்சத்திரங்களை விழுங்கும், அடிக்கோடுகளும் அப்படியே. சில விசைப்பலகைகள் கழித்தல் குறியை நீண்ட கோடாக மாற்றும், நிரல் அதைப் படிக்காமல் தாண்டினால் நேர்மாறு எல்லாம் நேர் எழுத்தாகிவிடும். அடுக்குக்கூட்டைக் கணக்கிட்டால் உடனே தெரியும்: 0 இல்லை என்றால் வழியில்தான் கெட்டது.

சொல்லை வெறும் முழுஎண்களாக, இடைவெளி விட்டு, உரைக் கோப்பில் போட்டு இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள்: 3 என்றால் ப₃, −3 என்றால் அதன் நேர்மாறு. முதல் வரியில் இழை எண்ணிக்கை, மட்டு, சொல்லின் நீளம், எந்தப் பக்கமிருந்து பெருக்குகிறார் என்பது, ப₁ப₂-இன் அணி ஆகியவை இருக்கட்டும். அந்த அணியையும் நீளத்தையும் ஒப்பிட்ட பிறகே உங்கள் பக்கம் ஓட்டுங்கள்.